கம்பியில்லாத பிராவும் கொஞ்சம் வெயிலும்

டெல்லியில் பெண்களின் உள்ளாடையை மீசை வைத்த ஆண்கள்தான் விற்கிறார்கள். கல்யாணமாகி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி இதுதான். பக்கத்து மார்க்கெட்டில் கடைக்காரர் ஸ்டூல் மேல் நின்றபடி என் முந்தானையை ஒரே ஒரு பார்வை பார்த்தார். "தீதி, ஆப்கா அட்தீஸ்" என்று காய்கறி விலை சொல்வதுபோல உரக்க அளவைச் சொன்னார். முப்பத்தெட்டு. பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்த பஞ்சாபிப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் காது சிவக்க, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அந்த அட்தீஸைத்தான் பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும், உடம்பு இளைத்தபோதும் பெருத்தபோதும் மாற்றாமல் வாங்கிப் போட்டேன்.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? விருதுநகர் பஜாரில் ஜவுளிக்கடையின் உள்ளறையில் ஒரு அக்கா இருப்பாள். அம்மா அவள் காதோடு "பிள்ளைக்கு பாடி" என்பாள். அக்காவும் ஒரு பார்வைதான் பார்ப்பாள். பெண் பார்த்தாள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இரண்டு ஊரிலும் என்னை யாரும் அளக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி, வயர்கூடையில் காய்க்கு அடியில் வைத்து வீட்டுக்கு வரும். துவைத்தால் கொடியில் அப்படியே போடக்கூடாது. போட்டு, அதன்மேல் துண்டை விரித்து மூட வேண்டும். அண்ணனின் ஜட்டி தெருவைப் பார்த்துத் தொங்கும், அது வேறு விஷயம். விருதுநகர் வெயிலுக்குத் துண்டு ஒரு பொருட்டே இல்லை. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இரண்டுமே மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்.

அந்தத் துண்டை நான் டெல்லிக்கும் கொண்டுவந்தேன். வெயிலைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே டிசம்பர், ஜனவரி என்றால் என்னவென்று ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பனிமூட்டமும் புகையும் சேர்ந்து சூரியனை எவர்சில்வர் தட்டுபோல ஆக்கிவிடும். அந்த நாட்களில் துண்டுக்கு அடியில் கிடந்தது எங்கே காயும்? ஆபீசுக்கு நேரமாகிவிடும், ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே ஜாக்கெட், புடவை, ஸ்வெட்டர், சால்வை. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒரு கனவான் வீட்டுப் பெண். உள்ளே நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர். எத்தனை குளிர்காலம் இப்படி! கிட்வாய் நகரிலும் மயூர் விஹாரிலும் இதைப் படிக்கும் அக்காமார்களே, இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வயது ஏறியதும் தாங்கிப் பிடிப்பதற்குக் கம்பி வைத்ததுதான் நல்லது என்று அதே கடைக்காரர் சொன்னார். வாங்கினேன். ஈரத்தில் ஊறிய தோலைக் கம்பி உரச, மார்புக்குக் கீழே முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, போன வருஷம் புண்ணாகவே ஆகிவிட்டது. சீழ் வைத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். இளம் பெண், டெல்லிக்காரி. கம்பி வைத்ததை இனிமேல் தொடாதீர்கள் என்றாள். பிறகு, எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டாள். பால்கனியில் துண்டுக்கு அடியில் என்றேன்.

"தூப் மே கியோன் நஹி?" வெயிலில் ஏன் போடுவதில்லை?

அவளே யோசித்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். "சோரி ஹோ ஜாதா ஹை க்யா?" திருட்டுப் போய்விடுகிறதா?

மானம், மரியாதை, பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரர் என்பதையெல்லாம் என் ஓட்டை இந்தியில் எப்படி விளக்குவது? "ஹாங் ஜி, சோரி" என்றேன். அவள் உண்மையிலேயே கவலைப்பட்டு, காலனியில் கேமரா வைக்கச் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றாள்.

பழைய கடைக்குப் போய், கம்பியில்லாதது வேண்டும் என்றேன். அவர் என் நரையைப் பார்த்தார். உடனே புரிந்துகொண்டவர்போல, "அச்சா, மாதாஜி வாலா!", அதாவது கிழவிகள் போடுவது, என்று தொளதொளவென்ற வெள்ளைத்துணி ஒன்றை எடுத்துப் போட்டார். தலையணை உறையில் இரண்டு பட்டி தைத்ததுபோல இருந்தது. தாங்குமா என்று கேட்டேன். இந்த வயதில் என்னத்தைத் தாங்கவேண்டும் என்ற மாதிரி ஒரு சிரிப்பு. கம்பி வேண்டாம் என்று சொன்னவளுக்கு உடம்பும் வேண்டாம் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். துணியை அவர் பக்கமே தள்ளினேன். அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.

என் மகள் ப்ரியா இங்கேயே பிறந்தவள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இதை அவள் படிக்கப்போவதில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். கடையில் நடந்ததைக் கேட்டதும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அரே அம்மா, நைட்டி மேல அளந்தா தப்பா வரும். கழட்டு. என்கிட்ட என்ன ஷரம்?" வெட்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். அளந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்ளோ நாளா ராங் சைஸ்மா. சுத்தளவு லூசு, கப் சின்னது. அப்புறம் கம்பி குத்தாம என்ன பண்ணும்?"

மாலில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனாள். போட்டுப் பார்க்க ஒரு அறை, அதற்குள் முழு உயரக் கண்ணாடி. "கையைத் தூக்கு. கீழ்ப்பட்டி மேல ஏறுதா? அப்போ வேண்டாம். வெயிட்டைத் தாங்குறது தோள் இல்லம்மா, கீழ்ப்பட்டிதான்." அகலமான தோள்பட்டி, பட்டிக்குள் இரண்டு விரல் நுழைகிற இடம், குனிந்தால் பிதுங்காத கப். புதிதை முதலில் கடைசிக் கொக்கியில்தான் மாட்டவேண்டுமாம், தொய்ந்த பிறகு உள்கொக்கிக்கு மாறலாமாம். பஞ்சு வைத்தவற்றையெல்லாம் தள்ளிவிட்டாள், ஈரத்தை விடாது என்று. ஏழெட்டுக்குப் பிறகு சந்தன நிறத்தில் பருத்தியில் ஒன்று பொருந்தியது. குத்தவில்லை, இழுக்கவில்லை. தோள் தானாக இறங்கி, அடிவயிறு வரைக்கும் மூச்சு போயிற்று. கண்ணாடி முன் நின்று அழுதேன். சந்தோஷத்தில் என்று எழுத ஆசைதான். கோபத்தில் அழுதேன். இவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை வருஷம்?

அதே நிறத்தில் இரண்டு வாங்கினேன். மறுநாளே துவைத்து, பால்கனியில் துண்டில்லாமல் போட்டேன். என் கணவர் பேப்பரோடு வந்தார், பார்த்தார், பேப்பரை மடித்தார்.

"என்ன கோமதி இது? கீழ்வீட்டு சார் வாக்கிங் போற நேரம். நிமிந்தா நம்ம பால்கனிதான்."

"நிமிர வேண்டாம்னு சொல்லுங்க."

"தமிழ்க் குடும்பம்னு நமக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"உங்க ஓட்டை பனியன் ஊரையே பாத்து ஆடுது. அதுக்கு இல்லாத மரியாதையா?"

அவர் அதை உருவி எடுக்கக் கையை நீட்டினார். நான் தெருவுக்கு முதுகைத் திருப்பி, நைட்டி ஜிப்பை இறக்கிப் புண்ணைக் காட்டினேன். ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷன், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். "வேற ஆயின்மென்ட் எழுதித் தரச் சொல்லு" என்று முனகிவிட்டு உள்ளே போனார். ஆனால் அதற்குப் பிறகு கொடியைத் தொடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கையோடு டிசம்பர் பிறந்தது, சூரியன் காணாமல் போனது. பூசாரி வரம் கொடுத்தும் சாமி கொடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டருமாக ஒப்பேற்றினேன்.

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு விருதுநகர் போனோம். ரயிலை விட்டு இறங்கியதும் முதுகில் அடித்த வெயில் இருக்கிறதே, கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. புண்ணும் ஆறத்தொடங்கியிருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள், டெல்லிக்குத் திரும்பும் அன்று காலையில், இரண்டையும் துவைத்து மொட்டை மாடியில், நட்டநடுக் கொடியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் பெண்டாட்டி ஒரு வாளியோடு இறங்கி வந்தாள். அதற்குள் இரண்டும் கிடந்தன. மேலே ஈர மாப்பு.

"என்ன கோமு இது? பந்தல் பிரிக்க ஆளு ஏறி எறங்குறான். சம்பந்தி வீட்டாளுக வேற இருக்காக. டெல்லியில இப்படித்தான் விரிச்சுப் போடுவீகளோ?"

"மதினி, எனக்குப் புண்ணு இருக்கு. வெயில்ல காயணும்."

"பொம்பளைக்கு வராத புண்ணா? நானும் பவுடரைப் போட்டுட்டுத்தான் திரியுறேன். பின்னாடி பாத்ரூம் பைப்புல போட்டுக்கோ தாயி."

மதினிக்கும் அதே புண், பவுடரைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். டெல்லியில் கணவரிடம் வந்த வாய், பிறந்த வீட்டில் வரவில்லை. விருந்தாளிக்கு வீட்டில் இலை உண்டு, பாய் உண்டு, கொடி கிடையாது. பைப்பிலேயே போட்டேன்.

மதியம் இரண்டில் ஒன்றைப் பிழிந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றினேன், மற்றதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு வந்த மதினி, "அங்க குளுரும், ஸ்வெட்டரை மேலயே வச்சுக்கோ" என்று நிஜமான பாசத்தோடுதான் சொன்னாள். ரயில் கிளம்பி, பட்டாசு விளம்பரம் எழுதிய சுவர்கள் பின்னால் போவதற்குள் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. வெயில் விழுகிற ஜன்னலோரமாக மாறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பைத் தளர்த்தி, நெஞ்சை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"முகத்துல அடிக்குது பாரு, ஷட்டரை இறக்கு" என்றார் என் கணவர்.

"அடிக்கட்டும்" என்றேன்.

மதுரை தாண்டும் வரைக்கும் அந்தப் பக்கம் வெயில் இருந்தது.