மூன்று நாள் நோன்பு

ஆரணியில் அரிசி மண்டி நடத்தும் ஆதிநாதன் வீட்டுக்குள் தேன் பாட்டில்கூட நுழைந்ததில்லை. ஊன், தேன், கள் மூன்றையும் தலைமுறை தலைமுறையாகத் தொடாத நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். கீரை வாங்கினால் அவர் மனைவி சக்ரேஸ்வரி ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். பூச்சி இருந்தால் அதை நசுக்காமல் கொண்டுபோய்ச் செடியில் விட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்து பாத்திரமும் கழுவியாகிவிடும். அந்த வீட்டு மாடிப் பரணில், பழைய காலண்டர்களுக்குப் பின்னால், ஒன்பது காலி பிராந்தி பாட்டில்களை ஒரு சித்திரை மாதத்துப் பகலில் அவள் கண்டெடுத்தாள்.

மகன் அரிஹந்துக்கு இருபத்தொன்பது வயது. வேலூரில் மருந்து கம்பெனி ஒன்றில் ரெப் வேலை பார்த்தவன். டாக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் விருந்து வைக்கப் போன இடத்தில் தொற்றிய பழக்கம், மூன்று வருஷத்தில் அவனைத் தின்றுவிட்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் சட்டைப் பொத்தான் போட அவனால் முடியாது. வேலை போனதை வீட்டில் “ட்ரான்ஸ்பர் கேட்டிருக்கேன்” என்று சொல்லி வைத்திருந்தான். ஆதிநாதனுக்கு விஷயம் தெரியும். ஆனால் குடி என்ற சொல்லை உச்சரித்தாலே நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, “அவன் விஷயம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விடுவார்.

ஆகவே எல்லாம் சக்ரேஸ்வரி தலையில் விழுந்தது. அவளுக்கு இரண்டு வேண்டியிருந்தது. மகன் பிழைக்க வேண்டும், அது யாருக்கும் தெரியக்கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் இடத்தை அவள் தேடினாள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அவள் யாரிடமாவது வாயைத் திறந்திருக்க வேண்டுமே!

முதலில் கைப்பேசியில் தேடினாள். ‘குடியை நிறுத்த, ஆரணி அருகில்’ என்று விரலால் எழுத, அது வரிசையாகப் பொடி வியாபாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்றார்கள். தெரியாமல் என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு ஒரு நம்பருக்குப் போன் செய்தாள்.

“பொடியில என்னென்ன போட்டிருக்கீங்க?”

“எல்லாம் மூலிகைங்க மேடம்.”

“தேன் கலந்திருக்கா?”

மறுமுனையில் இருந்தவன் மருந்துக்கு மெருகேற்றும் ஆசையில், “சுத்தமான மலைத்தேன் மேடம்” என்று சொல்லிவிட்டான். போனை வைத்துவிட்டாள். மகன் வயிற்றில் தினமும் அரை பாட்டில் பிராந்தி இறங்கிக்கொண்டிருக்கும்போது, தேன் ஆகாது என்று மருந்தைத் தள்ளிய தாய் அவள். கேலி செய்ய வேண்டாம். எதை விட்டுக்கொடுத்தாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று மனிதருக்கு வேண்டியிருக்கிறது.

அடுத்து, பக்கத்து ஊர்ச் சாலையில் இருந்த ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துக்குப் போனாள். வாசலில் பெயர்ப் பலகை இல்லை, பூட்டிய இரும்புக் கேட்டு மட்டும் இருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நாலு பேரை வேனில் அனுப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றான்.

“வேன் தெருவுக்குள்ளயே வருமா?”

“வீட்டு வாசலுக்கே வரும்மா. கத்துவாங்கதான். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் பின்கட்டில் யாரோ அடி வாங்கும் சத்தம் கேட்டது. சக்ரேஸ்வரி செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் ரோட்டுக்கு வந்து நின்றாள். மகனை அங்கே விடாமல் வந்ததில் தப்பே இல்லை. அவள் செய்த தப்பு வேறு.

மனநல டாக்டர் ஒருவர் புதன்கிழமைதோறும் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார், குடிக்கு மருந்து கொடுத்து நிறுத்த வைக்கிறார் என்று மருந்துக் கடையில் யாரோ பேசியது அவள் காதில் விழுந்தது. அன்று மாலையே மகனிடம் சொன்னாள். அவன் சண்டை போடவில்லை.

“வரேம்மா. என்னால முடியலம்மா” என்று சொல்லிவிட்டு அழுதான்.

புதன்கிழமை காரை ஆஸ்பத்திரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். சீட்டு வாங்கி, கூட்டம் எப்படி என்று பார்த்துக்கொண்டு வந்து கூப்பிடுவதாகச் சொல்லி அவனைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கடைசியில் போய் நின்றாள்.

“இன்னா நயினாரம்மா, நீ எங்க இங்க?”

சேவூர் கண்ணகி. அவள் புருஷன் சின்னதுரை பட்டு நெய்கிறவன். மாதா மாதம் மண்டியில் அரிசி வாங்குகிறவள். குரலை அடக்கிப் பேசக் கற்றுக்கொள்ளாத பிறவி.

“எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வந்துகினு இருக்காரு. எட்டு மாசமாச்சு, தொடறதே இல்ல. முன்னல்லாம் கை நடுங்கி இழை இழையா அறுத்துகினு கெடப்பாரு. இந்த டாக்டரு தங்கமான மனுசன்மா. நீ யாருக்குக் காட்ட வந்த?”

பெஞ்சில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின.

“எனக்குத்தான். பிரஷர் மாத்திரைக்கு வந்தேன்.”

“அய்ய, அது அந்தாண்ட லைனும்மா. வா, நான் காட்டறேன்.”

கண்ணகி அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பிரஷர் வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பினாள். நர்ஸ் பார்த்தபோது பிரஷர் உண்மையிலேயே எகிறிக் கிடந்தது. பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு சக்ரேஸ்வரி காருக்கு வந்தாள். அரிஹந்த் சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கத் தயாராகக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

“டாக்டர் இன்னைக்கு வரலையாம்டா கண்ணு.”

“சரிம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டான். அன்று சாயங்காலம் அவன் வீட்டில் இல்லை.

அடுத்த புதனும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு புதனுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஆவணி கடைசியில் பர்வ நாட்கள் தொடங்கின. ஊரில் இருக்கும் சமண வீடுகளில் ஆளுக்கு ஒரு நோன்பு ஏற்கும் காலம். சிலர் ஒரு வேளை உண்பார்கள், சிலர் பகலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும் குடித்து மூன்று நாள் பட்டினி கிடப்பார்கள். கோயிலில் ஏற்ற விரதத்தைக் குலைத்தவர் அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. சக்ரேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். இதைவிட மறைவான வைத்தியம் எங்கே கிடைக்கும்? நோன்புக்காரன் குடிக்க மாட்டான். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

“மூணு நாள் நோன்பு எடுத்துக்கடா. அதோட அந்தச் சனியன விட்டுடு.”

அவனுக்கும் ஆசை வந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயிலில் எல்லார் முன்னிலையிலும் கைகூப்பி விரதம் ஏற்றான். ஓரகத்தி சுபத்ரா, “உன் பிள்ளைக்கு இந்த வயசுல இவ்ளோ பக்தி, நீ குடுத்து வச்சவ சக்ரா” என்றாள். சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாகச் சக்ரேஸ்வரி தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள்.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கை கால் உதறியது. அந்த வீட்டில் நோன்பு இருந்து உதறாதவர் யார்? அவள் மாமியார் எட்டு நாள் இருந்தபோது இப்படித்தான் உதறினாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அவன் பாயில் குனிந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து ஓரமாக விட்டுக்கொண்டிருந்தான்.

“மிதிச்சுடாதம்மா. எறும்பு. எவ்ளோ எறும்பு பாரு.”

பாயில் ஒன்றும் இல்லை. நலம் விசாரிக்க வந்திருந்த சுபத்ரா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தன் உடம்பே தாங்கல, இதுல எறும்புக்கு இரங்குறான் பாரேன்!”

அந்த நேரத்தில்தான் கண்ணகி அரிசிப் பையோடு, வீட்டை ஒட்டியிருந்த மண்டிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

“யம்மா, இது பட்டினி நடுக்கம் இல்லம்மா. எங்க ஊட்டுக்காரரு தானா நிறுத்தினப்ப இப்படித்தான் இல்லாத பூச்சிய பொறுக்கிகினு கெடந்தாரு. சட்டுனு நிறுத்தினா உசிரே போயிடும்னு டாக்டரு சொன்னாரு. ஜல்தியா தூக்கிகினு வாங்க, நான் ஆட்டோ இட்டாறேன்.”

சுபத்ரா புருவத்தைச் சுருக்கினாள். “எதை நிறுத்தினா?”

சக்ரேஸ்வரி எழுந்து நின்றாள். அவளுக்குக் கண்ணகி சொன்னது விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று பிற்பாடு அவள் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

“என் பிள்ளை நோன்பு இருக்கான். உங்க ஊட்டு வழக்கத்த எங்க ஊட்ல பேசாத. அரிசிய எடுத்துக்கினு போ.”

கண்ணகி போய்விட்டாள். அரிசிப் பை அங்கேயே கிடந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அரிஹந்துக்கு வலிப்பு வந்தது. பல் கிட்டி, வாயோரம் நுரை தள்ளி, உடம்பு வில்லாக வளைந்தது. ஆதிநாதன், அவர் அண்ணன், சுபத்ரா எல்லாரும் சேர்ந்து காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா? குடிப்பழக்கம் உண்டா?”

சக்ரேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் சுபத்ராவும் அவள் புருஷனான மூத்தாரும் நின்றார்கள்.

“எந்தப் பழக்கமும் இல்லீங்க. மூணு நாளா நோன்பு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. மாத்திரை, சாராயம், எதுவும் கிடையாதா?”

“நாங்க நயினாருங்க டாக்டர்.”

அவர் எழுதிக்கொண்டார். பட்டினிக்கு வேண்டியதைச் செய்தார்கள். கண் விழித்தவன் அம்மாவை யாரோ என்று பார்த்தான். மதியத்துக்குள் இரண்டாவது வலிப்பு வந்தது. வேலூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது மூன்றாவது வந்தது. அப்போதுதான் சக்ரேஸ்வரி கூட வந்த ஊழியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “குடிப்பான் தம்பி, டெய்லி குடிப்பான், மூணு நாளா குடிக்கல” என்று கத்தினாள். அவர் அதை உடனே போனில் சொன்னார். வேலூர் போய்ச் சேர்ந்தபோது சொல்லி ஆகவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலை கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விரதத்தில் போன உயிருக்கு எவ்வளவு மரியாதை! எறும்புக் கதையைச் சுபத்ரா சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் தேம்பினார்கள். மூத்தார் அஞ்சலி போஸ்டருக்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்: ‘விரதம் காத்தபடியே நற்கதி அடைந்தார்.’

“அப்படிப் போடாதீங்க மாமா” என்றாள் சக்ரேஸ்வரி. அழுது ஓய்ந்த குரல்தான், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. “அவன் மூணு வருஷமா குடிச்சான். குடிய நிறுத்தினதால வந்த வலிப்பு அது. மருந்து இருந்துச்சு. டாக்டர் ரெண்டு வாட்டி கேட்டாரு. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன். அந்தக் கண்ணகி வந்து சொன்னா, அவளையும் தொரத்திட்டேன்.”

ஆதிநாதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மூத்தார்தான் முதலில் தேறினார்.

“பெத்தவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு. உள்ள கூட்டிக்கினு போங்க.”

நாலு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பாவம், என்னென்னவோ பேசுகிறாள் என்று விசிறிவிட்டார்கள். போஸ்டர் மூத்தார் எழுதியபடியே அச்சாகி, பஸ் நிலையச் சுவரில் பெரியதாக ஒட்டப்பட்டது. ஆரணியில் அதைப் படித்தவர்கள் நல்ல பிள்ளை என்றார்கள்.

ஐந்தாம் நாள் பகலில், வீடு காலியாக இருந்த நேரம், சுபத்ரா சமையலறைக்கு வந்தாள். பின்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து கூடத்துப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“சக்ரா, அன்னைக்கு நீ சொன்னது புத்தி கலங்கிச் சொன்னதில்லன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படிக்கா?”

சுபத்ராவின் மகள் அனுஷா சென்னையில் பெரிய வேலையில் இருப்பவள். அவளைப் பற்றிப் பேசும்போது சுபத்ராவின் குரல் எப்போதும் ஒரு படி உயரும். இப்போது அது உதட்டைத் தாண்டவில்லை.

“அனுஷா மாத்திரை போடறா. தூக்கத்துக்குன்னு ஆரம்பிச்சது. இப்ப கை கையா எடுத்து முழுங்கறா. இல்லன்னா நடுங்கறா, செவுத்துல முட்டிக்கறா. நாலு மாசமா மாடி ரூம்லதான் வச்சிருக்கேன். லீவுன்னு சொல்லிக்கினு இருக்கேன்.” அவள் சக்ரேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ நாலு எடம் விசாரிச்சிருப்பியே. பக்கத்துலயே, யாருக்கும் தெரியாம காட்டற மாதிரி ஒரு எடம் இருந்தா சொல்லு சக்ரா.”

சக்ரேஸ்வரி எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தாள்.

“அப்படி ஒரு எடம் இல்லக்கா. நான் எல்லாத்தையும் தேடிட்டேன்.”