ஒப்பு வாங்கியவள்

எங்கள் முக்கைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அமரவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் சிறிய சந்தை முக்கு அது. ஒரு ஓரத்தில் மீனும் மரச்சீனிக் கிழங்கும் விற்பவர்கள், எதிரே பேருந்து நிற்கும் இடம். மழை பெய்தால் நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும்.

ஒரு நாள் இளம் பொறியாளர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். இந்தத் திட்டத்தில் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யப்போகிறோம், நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள் என்று மலையாளத்தில் சொன்னார். உண்மைதான். சந்தையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் பெற்றோர். ஆனால் நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அது மட்டுமல்ல. ஓய்வுபெற்றபின் என்னைத் தேடி யாரும் வந்திருக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது.

முதலில் மீன்காரியிடம் போனேன். பேருந்தின் படி வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பலகை போட்டு அலுமினியச் சருவத்தில் சாளையும் நெத்தோலியும் வைத்து விற்பவள் அவள். இறங்குகிறவர்கள்தான் அவளுடைய வாடிக்கை. நானும் இருபது வருடத்துக்கு மேலாக அவளிடம்தான் வாங்கினேன். அவளுக்கு வலது முட்டு மடங்காது. காலை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பாள்.

“நான் வந்து என்ன சொல்லப்போறேன் டீச்சரே? அவியளுக்கு எல்லாம் தெரியும்லா” என்றாள்.

“தெரியாததுனாலயாக்கும் விளிக்கது. நீ வந்து சொன்னாத்தான் தெரியும்.”

என் பேச்சை நம்பி வந்தாள். அவள் வந்ததால் மற்ற மீன்காரிகளும் வந்தார்கள்.

கூட்டம் பழைய மிஷன் சபையின் மண்டபத்தில் நடந்தது. மூன்று கூட்டம். முதல் கூட்டத்தில் ஆட்டோக்காரர்கள் மட்டும் பேசினார்கள். இரண்டாவதில் பெண்கள், உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற கழிப்பறை வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது கடைசி வரிசையில் அவள் எழுந்தாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்ல உண்டு. பஸ்ஸிலருந்து எறங்குறவங்க கண்ணுல நான் படணும். படி ஏறி எறங்க எனக்க முட்டுக்கு ஏலாது. வேற ஒண்ணும் வேண்டாம்.”

நான் அதை மலையாளத்தில் பொறியாளரிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எழுதினார். வெளியே வரும்போது அவள் என் கையைப் பிடித்து, “எழுதினாரா?” என்று கேட்டாள். எழுதினார் என்றேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தாள் சுற்றி வந்தது. தலைப்பு எதுவும் இல்லை. பெயர், தொழில், ஒப்பு என்று வெறும் கட்டங்கள். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களிடம் நான்தான் போய், “வந்ததுக்கு உள்ள ஹாஜராக்கும், வேற ஒண்ணுமில்ல” என்று, பள்ளிக்கூட வருகைப் பதிவைச் சொல்வதுபோலச் சொன்னேன். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மூன்று தாளிலும் முதல் ஒப்பு நான் போட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில் ஆளுக்கொரு சுண்ணாம்புக்கட்டி கொடுத்து முக்குக்குக் கூட்டிப்போனார்கள். யாருக்கு என்ன எங்கே வேண்டுமோ அதைத் தரையில் வரையச் சொன்னார்கள். அவளால் குனிய முடியவில்லை. அவள் காலால் காட்டக் காட்ட, அவள் உட்காரும் இடத்தைச் சுற்றி நான் ஒரு கட்டம் வரைந்தேன். யாரோ படம் எடுத்தார்கள். அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் தகரம் வைத்து மறைத்து வேலை தொடங்கியது. புதிய சந்தைக் கட்டடம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் அவள் ஒரு நோட்டீசோடு என் வீட்டுக்கு வந்தாள். வாசித்துச் சொல்லவேண்டும். மீன் விற்பவர்களுக்குப் பின்பக்கச் சரிவில், கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கு அவர்கள் அளித்த சம்மதத்தின் நகல் இணைக்கப்பட்டிருப்பதாகவும் இருந்தது. புரட்டினேன். எங்கள் கூட்டத்துத் தாள்கள். மேலே மட்டும் புதிதாக, சம்மதிக்கிறோம் என்று ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். முதல் ஒப்பு என்னுடையது.

இரண்டு தடவை வாசித்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

“ஹாஜர்னுல்லா சொன்னிய?” என்றாள்.

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அந்தப் பொறியாளர் இடம் மாறிப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் இருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதன் மூலையில் இருந்த தேதி எங்கள் முதல் கூட்டத்துக்கும் முந்தையது. அதைக் காட்டிக் கேட்டேன். வரைபடம் முன்பே அனுமதி வாங்கியதுதான், ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டதாகக் காட்டினால்தான் பணம் வரும், அது விதி என்று சொன்னார். குரலில் கடுமை எதுவும் இல்லை. கூட்டம் நடந்ததற்குச் சாட்சியாக ஒரு கோப்பைத் திறந்தார். அதில் சுண்ணாம்புக் கட்டத்தின் படம் இருந்தது. ஓரத்தில் நீட்டிய ஒரு கால்.

அவள் குனிந்து பார்த்தாள். “இது எனக்க காலுல்லா?” என்றாள்.

நான் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டேன். தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. சந்தையில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் அலுவலகத்து ஆள் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

இப்போது முக்கில் தண்ணீர் கட்டுவதில்லை. விளக்குகள் உண்டு, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மீன் வாங்க மட்டும் பின்பக்கம் போய்ப் பன்னிரண்டு படி இறங்கவேண்டும். பேருந்திலிருந்து இறங்குகிற யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அவள் சில மாதம் பார்த்தாள். கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவாள். சாயங்காலம் விற்காத சாளையோடு அதே படியில் ஏறுவாள். நான் தினமும் போய் வாங்கினேன், தேவையில்லாத நாளிலும். அது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவள் வரவில்லை. வெள்ளறடையில் மகளுடைய வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பேருந்து ஏறிப் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. பின்பக்கம் உட்கார்ந்து மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். எழுந்து கட்டன்சாயா போட்டுத் தந்தாள். மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான், “எனக்க தப்பாக்கும்” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “தெரிஞ்சு என்ன செய்ய? விடுங்க.”

கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துச் சட்டியில் போட்டாள்.

“இஞ்ச ஒரு கொறவும் இல்ல டீச்சரே. மவ நல்லாப் பாக்கா. ஆனா காலைலருந்து அந்திவரை ஒருத்தரும் எங்கிட்ட வந்து வெலை பேசது இல்ல. நாக்கு மரத்துப் போச்சு.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவளே நினைவூட்டினாள். “வாறேன்” என்று சொல்லி எழுந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.