ஓரகத்தியை வீழ்த்திய ஞாயிறு

ஒரு வீட்டுக்கு ஜூடோ தெரிந்த மருமகள் ஒருத்தி போதும். எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வாய்த்தோம். மூத்தவள் நான். கல்லூரியில் படிக்கும்போது மாவட்டப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். கல்யாணத்தோடு பதக்கம் பீரோவுக்குள் போயிற்று, நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டின் அடுப்படிக்குள் போனேன். பல வருடம் கழித்து என் கொழுந்தன் மறையூரிலிருந்து ஒருத்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் மாநில அளவில் ஆடியவளாம்.

முதலில் அவளை வாசற்படி ஏற்ற மாட்டேன் என்று நின்றவர்தான் எங்கள் மாமியார். ஒரு பை மறையூர் வெல்லமும் கொஞ்சம் சிரிப்பும் போதுமாக இருந்தது. அப்புறம் எதற்கெடுத்தாலும் 'சின்னவ, சின்னவ' என்றுதான் பேச்சு. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. "கீழ உக்காந்து பழக்கமில்ல அத்தை" என்றாள், மாமியாரும் சரி என்றுவிட்டார். நிறைமாத வயிற்றோடும் நான் அந்தத் தரையில்தான் உட்கார்ந்து எழுந்தேன். அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் ஊர் நூலகமான வாயனசாலையின் மாடியில் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ வகுப்பு தொடங்கப் போவதாகச் சொல்லி, சொல்லித்தர ஆள் கேட்டு வார்டு மெம்பர் வீட்டுக்கு வந்தார். நான் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். "ஆள எதுக்குங்க வெளிய தேடறீங்க? நம்ம சின்னவ இருக்கறாளே" என்றார் மாமியார். அந்த வகுப்பு எனக்கு வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்த அடுப்படியை விட்டு வெளியே போகலாம், மறுபடி அந்த ஜூடோ கோட்டைப் போடலாம். மெம்பர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் கிடந்தது. "சித்தி, நீங்களும் அம்மாவும் ஒருக்கா ஆடிக் காட்டுங்க" என்று என் மகள் ஆரம்பித்தாள். சின்னவள் தயங்கினாள். நான் தயங்கவில்லை. பீரோவிலிருந்து என் பழைய கோட்டை எடுத்துப் போட்டேன். இரண்டு ஓரமும் வயிற்றுக்கு மேல் சேரவில்லை, பெல்ட்டை இறுக்கிச் சமாளித்தேன்.

அவள் ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. நேருக்கு நேர் நிற்கவே மாட்டாள். என் காலர் அவள் பிடியில் இருக்கும், ஆள் ஓர் எட்டு ஓரமாக இருப்பாள். வலது காலால் என் காலைத் தட்டுவது போலப் பாவ்லா காட்டினாள். நான் காலைத் தூக்கினேன். அவள் இடது பக்கமாகத் திரும்பியதுதான் தெரியும், வைக்கோலில் மல்லாந்து கிடந்தேன். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மகள் அவளுக்குக் கை தட்டினாள். நான் பெற்ற பிள்ளை.

கீழே கிடக்கிறவளுக்குக் கால்கள் நன்றாகத் தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அவளுடைய வலது குதிகால் தரையில் படவில்லை. முழுப் பாரமும் இடது காலில். என் மூளையில் அந்த நாற்காலி வந்து நின்றது. படியில் அவள் எப்போதும் இடது காலை முதலில் ஏற்றுவது வந்தது. எல்லோரும் மெச்சிய அந்தப் பாவ்லா தந்திரமே இல்லை. அந்த வலது கால் பாவ்லா காட்டுவதற்கு மட்டும்தான் ஆகும். முட்டி போயிருக்கிறது.

எழுந்து மறுபடி பிடித்தேன். இந்த முறை நான் அவளுடைய வலப்பக்கமாகவே சுற்றினேன். சுற்றச் சுற்ற அவள் அந்தக் காலில் திரும்ப வேண்டியிருந்தது, உதட்டைக் கடித்தாள். அந்த முட்டியைப் பார்த்து என் காலை நீட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவள் ஆட்டம் அன்றோடு முடிந்திருக்கும். நான் பொறாமைக்காரிதான், பாவி இல்லை. காலை முட்டியில் படவிடாமல் தரையில் ஊன்றினேன். அதற்குள் அவள் பயந்து பின்னால் சாய்ந்து, உடனே நிமிர்ந்து முன்னால் வந்தாள். அந்த நிமிர்வு போதும் எனக்கு. உள்ளே திரும்பி, இடுப்பில் ஏற்றி, தூக்கிப் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் யாரையும் போட்டதில்லை.

நான் அவள் மேல் குனிந்தபோது என் காதோரம் கேட்டாள். "தெரிஞ்சிருச்சாக்கா?"

"ம்."

"அத்தைகிட்ட சொல்லிராதீங்கக்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே போனது. மறைச்சுக் கட்டிட்டு வந்துட்டான்னு உங்க கொழுந்தனாரையும் சேர்த்துப் பேசுவாங்க."

சொல்ல மாட்டேன் என்று கையைக் கொடுத்து எழுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவளே மாமியாரிடம் போய், "வகுப்ப அக்கா எடுக்கட்டும் அத்தை. எனக்கு அவங்கள மாதிரி சொல்லித்தர வராது" என்றாள். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். மனசு ஒரு நிமிடம் குளிர்ந்தது. மத்தியானம் பக்கத்து வீட்டம்மாளிடம் மாமியார் சொல்வது கேட்டது. "பாவம், மூத்தவ ஆசப்படறாளேன்னு நேத்து வேணும்னே உளுந்திருக்கறா. உட்டுக்குடுக்கற மனசு ஆருக்குங்க வரும்?"

வேணும்னே விழுந்தாளாம். கையில் இருந்த கரண்டியை எறியலாம் போல இருந்தது. நான் போட்ட ஒரே நல்ல எறியும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் முட்டியைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

இப்போது வகுப்பு என்னுடையதுதான். எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவளும் வேடிக்கை பார்க்க வருவாள். மற்ற பெண்கள் பாயில் உட்காருவார்கள், அவளால் முடியாது. கீழேயிருந்து அவளுக்கு நான்தான் நாற்காலி தூக்கிக்கொண்டு மாடியேறுகிறேன். பார்க்கிறவர்கள், செய்த உதவியை மூத்தவள் மறக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.