திரும்பி வந்த டிரைவர்

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். மீன்பிடி ஊரான குருநகரில் வளர்ந்தவன் நான். விற்கிறவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் செவிளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. அப்படிப்பட்ட நான் வேலை செய்யும் இடத்தில், எடுத்து எறிந்த கோப்பு ஒன்று தானாகத் திரும்பி வந்தால் சும்மா இருப்பேனா?

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். இந்தப் பிரிவு என்றால் நானும், எனக்கு முன்பிருந்தே வேலை பார்க்கும், உடுப்பிட்டியிலிருந்து வரும் அக்கா ஒருவரும்தான். கொழும்புக் கம்பனி ஒன்று இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்குப் புதிய தரவுத்தளம் போட்டுத் தந்தது. எங்கள் அப்ளிகேஷன் சேர்வர் அதனோடு பேச ஒரு டிரைவர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சின்னக் கோப்பு, அவ்வளவுதான். புதியதை உரிய ஃபோல்டரில் போட்டு, பழையதை அழித்து, சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். முடிவுகள் திரையில் வந்தன.

மறுநாள் கரண்ட் போய் வந்தது. சேர்வர் நின்று எழும்பியது. ஒரு முடிவும் வரவில்லை. கவுண்டரில் காத்திருந்த ஐயா ஒருவர், "என்ன, உங்கடை கொம்பியூட்டருக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டார். ஃபோல்டரைத் திறந்தேன். நான் அழித்த பழைய டிரைவர் புதியதற்குப் பக்கத்தில் கிடந்தது. சேர்வர் எழும்பும்போது அந்தப் பழையதைத்தான் எடுத்திருக்கிறது. அதற்குப் புதிய தரவுத்தளத்தின் பேச்சு விளங்காது.

மறுபடி அழித்தேன். இரண்டு நாள் கழித்து முடிவுகள் மறுபடி நின்றன, பழையது மறுபடி கிடந்தது.

பணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இன்னொருக்கா உந்தச் சேர்வர் நிண்டா, எல்லாத்தையும் கொழும்பிலை இருந்தே பாக்கிறம் எண்டு கம்பனிக்காரர் சொல்லீனம். பிறகு உங்களுக்கு இஞ்சை என்ன வேலை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறி தட்டியது. சேர்வர் நின்றால் ஆருக்கு லாபம்? கம்பனிக்குத்தான். அவர்களிடம் கடவுச்சொல் இருக்கிறது. அங்கிருந்தே எங்கள் சேர்வருக்குள் வரலாம். போனில் அவர்கள் அவ்வளவு மரியாதையாகக் கதைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதை அக்காவுக்கு மட்டும் சொன்னேன். கள்ளன் இனி எந்த வழியால் வருவான் பார்ப்போம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அடுத்த நாள் காலை ஃபோல்டரைத் திறந்தேன். பழைய டிரைவர் கிடந்தது.

எதிர்க் கதிரையில் அக்கா வழக்கம்போல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கம்பனி அவருக்கு ஏதும் ஆசை காட்டியிருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

"அக்கா, இந்தப் பழசை நீங்களோ போட்டது?"

"ஓம் தம்பி, நான்தான்." ஒரு பதற்றமும் இல்லை. "நீர் ஒவ்வொருக்காவும் அழிச்சுப்போடுறீர். புதுசு பிழைச்சா என்ன செய்வீர்? பழசு பக்கத்திலை கிடந்தா எடுக்கலாம்தானே. ஒரு மூலையிலை கிடக்கட்டும் எண்டு வைச்சனான்."

"அது மூலை இல்லை அக்கா. அதுக்குள்ளை கிடக்கிறது எல்லாத்தையும் சேர்வர் வாசிக்கும். இவ்வளவு நாளும் உதாலைதான் முடிவு வராமல் நிண்டது."

கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது. "சண்டைக்குள்ளை இடம்பெயரேக்கை திரும்பி வருவம்தானே எண்டு விட்டிட்டுப் போனதுகளை நான் இப்பவும் தேடுறனான். எனக்கு ஒண்டையும் எறிய மனம் வராது, தம்பி."

கோபப்படத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுச் சாமி அறையில், கரண்ட் இல்லாத சண்டைக் காலத்துப் பெற்றோல்மக்ஸ் விளக்கு இன்னும் இருக்கிறது. ஒருநாளும் கொளுத்துவதில்லை, அம்மா அதைத் தூசி தட்டி வைப்பார். ஊர் முழுக்க இதே வியாதி. பழைய டிரைவரை அழித்துக்கொண்டிருக்கும்போதே பணிப்பாளர் கதவடியில் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டீரோ?"

"ஓம் சேர். பழைய கோப்பு ஒண்டு கிடந்தது. எடுத்தாச்சு. இனி நிக்காது."

"ஆர் போட்டது?"

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொன்னால் அன்றோடு அவர் வீட்டுக்குப் போவார். கம்பனி என்று சொல்லலாம். அவர்கள் மேல் எனக்கு இன்னும் தீராத சந்தேகம், அப்படிச் சொல்வது வசதியாகவும் இருந்தது. ஆனால் அது வீண்பழி.

"தெரியேல்லை சேர்."

"ரெண்டு பேர் இருக்கிற இடத்திலை தெரியேல்லையோ?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. இனி உம்மிலைதான் என்ரை கண்." அந்தக் கண் இன்றுவரை என்மேல்தான் இருக்கிறது.

அவர் போனபின் அக்கா கைப்பைக்குள்ளிருந்து பென்டிரைவை எடுத்து என் கணினியில் செருகினார். அதில் வைத்திருந்த பழைய டிரைவரின் பிரதியை நான் பார்க்கப் பார்க்க அழித்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"வேறை பிரதி ஏதும் வைச்சிருக்கிறியளோ அக்கா?"

"இல்லைத் தம்பி. சத்தியமா இல்லை."

எனக்காக அழித்தவர்மேல் பாசம் வந்தது உண்மை. ஆனாலும் நான் நம்பவில்லை.