எண்பத்தாறு கிலோ

எங்கள் வெள்ளைப் பிக்கப்பின் டாஷ்போட் பெட்டிக்குள் ஒரு பழைய மட்டைத் துண்டு கிடக்கிறது. மாம்பழப் பெட்டியின் மூடி. ஒரு பக்கத்தில் அச்சடித்த மாம்பழம் இரண்டு. மற்றப் பக்கத்தில் தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதிய பட்டியல்: அரிசி, காஸ் சிலிண்டர், இடியப்பச் சட்டி, ஐஸ் பெட்டி, ஸ்பானர் பெட்டி, பிறகு எங்கள் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே இத்தனை கிலோ என்று. வாகனக் கடுதாசிகள் எங்கே என்று கேட்டால் தேடித்தான் எடுப்பேன். இந்த மட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன். எழுதியவர் என் அக்காவின் புருஷன். எனக்கு அத்தான், பிள்ளைகளே, உங்களுக்கு மாமா. உங்களில் மூத்தவளுக்குப் பாதி ஞாபகம் இருக்கும், சின்னவனுக்கு ஒன்றும் இராது. போன சனிக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு, முழுவதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடத்தில் நாங்கள் மேலே, அக்காவும் அத்தானும் கீழே. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே உங்களுக்கு இரண்டு வீடு. அத்தானுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. லொறியில் ஏற்றும் சாமானை நிறுத்து, பாரத்தைப் பெட்டியில் எழுதுவது அவர் பொறுப்பு. ஒரு கிலோ கூடினாலும் லொறியை வெளியே விடமாட்டார். சாரதிகள் அவருக்கு வைத்த பெயர் ‘முசியே கிலோ’, கிலோ ஐயா. வேலியின் மறுபக்கத்தில் நாள் முழுக்கக் கப்பல்கள். ஆனால் அங்கே இருப்பது ஆறு. கனடாவுக்கு வந்து இருபது வருசம் ஆகியும் அந்த மனிதர் இந்த நாட்டின் கடலைப் பார்த்ததில்லை. “கப்பலைத்தான் பார்க்கிறன், அது வந்த கடலை ஒருக்காலும் பார்க்கேல்லை” என்று சொல்லிச் சிரிப்பார். கஸ்பே கடற்கரைக்குப் போக வேண்டும், எல்லாரும் ஒன்றாகப் போக வேண்டும், அதுவும் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படித்தான் ஒரு வயோதிபத் தம்பதியிடம் முப்பத்திரண்டு அடிக் கேம்பர் ட்ரெயிலரை இரண்டு வீடும் சேர்ந்து வாங்கினோம். வாங்கிய அன்றே அக்கா அதற்குள் தேத்தண்ணி போட்டா. நீங்கள் இரண்டு பேரும் மேல் கட்டிலை விட்டு இறங்க மறுத்தீர்கள். எல்லாம் இருந்தது, இழுப்பதற்கு வாகனம்தான் இல்லை. என் வான் அதை ஒரு அடி நகர்த்தினாலே இடுப்பு ஒடிந்துவிடும்.

அடுத்த மூன்று கிழமை எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. சாப்பிடும்போது டீசலா பெற்றோலா, படிக்கட்டில் ஏறும்போது டீசலா பெற்றோலா. கடைசியில் புரோசார்ட்டில் ஒரு வாகன விற்பனை இடத்தில் இரண்டு பிக்கப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று நீலம், டீசல். கதவைத் திறந்தால் மிதிபடி தானாகக் கீழே இறங்கி வரும். இயந்திரத்தை முடுக்கியபோது என் நெஞ்சுக்குள்ளேயே ஏதோ ஓடத் தொடங்கியது போல இருந்தது. மகள் “த்ரோ போ, த்ரோ போ, அவ்வளவு வடிவு” என்று அதைச் சுற்றி ஓடினாள். அது எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்று விற்பனைப் பொடியன் சொன்ன கணக்கில் எங்கள் ட்ரெயிலர் வெறும் பொம்மை. மற்றது வெள்ளை. ஒரு பிடி பெரிய ரகம், பெற்றோல், றெக்சின் சீற், இரும்புச் சில்லு, மின்கம்பம் திருத்த வாறவர்கள் ஓட்டுவது போன்றது. “குசினிப் பிரிட்ஜ் மாதிரிக் கிடக்கு” என்றாள் மகள். எனக்கும் அதுதான் நினைப்பு. அந்தப் பகலே நீலத்தின் சாவியை வாங்கிவிட வேண்டும் போல என் கை துடித்தது.

அத்தான் பொனெற்றைத் திறக்கச் சொல்லவில்லை. கதவைத் திறந்து, கதவு மூடும் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்தார். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில்தான் இருக்கும். “தம்பி, இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற” என்றார். ட்ரெயிலர் பின்னால் உருளுகிறது என்று நாங்கள் நினைக்கிறோம், ஆனால் அதன் மூக்கு பிக்கப்பின் வாலில் ஏறி அமர்ந்திருக்கிறது, அந்தப் பாரமும் ஸ்டிக்கர் கணக்கில்தான் வரும் என்று விளங்கப்படுத்தினார். டீசல் இயந்திரமே பெரும் பாரம், அதனால் நீலத்துக்கு மிச்சம் குறைவு. நீலத்தில் ஆயிரம் கிலோ ஏற்றலாம். ட்ரெயிலரின் மூக்கும் அதைப் பூட்டும் கொளுவியும் அதில் அறுநூறைத் தின்றுவிடும். நானூறுக்குள் நாங்கள் அடங்க வேண்டும். வெள்ளைக்கு அந்தத் தொல்லையே இல்லை, அதன் முதுகு அவ்வளவு பெலம். “எதுக்கும் நிறுத்துப் பார்ப்பம்” என்றார் அத்தான். என் முகம் விழுந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

வெயர்ஹவுஸில் இரவல் வாங்கிய தராசு இரண்டு நாள் எங்கள் படிக்கட்டுத் தட்டில் இருந்தது. இடியப்ப உரல் நிறுக்கப்பட்டது. மகனின் கார் சீற், பிறகு கார் சீற்றில் மகன். அக்கா மட்டும் தன் பாரத்தைச் சொல்லமாட்டேன் என்று நின்றா. “இருபத்தைஞ்சு வருசம் சொல்லாததை இப்ப ஒரு வாகனத்துக்காகச் சொல்லுறதோ?” அத்தான் அவவிடம் அரிசிச் சாக்கைக் கொடுத்து, இதைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஏறு, அரிசியை நிறுக்க வேண்டும் என்றார். ஏறினா. பிறகு சாக்கைத் தனியே வைத்து நிறுத்தார். விளங்கியதும் அக்கா விட்ட சத்தம் மேல்மாடி வரை கேட்டது.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் புரோசார்ட் போனோம். அத்தான் மட்டையை என் கையில் தந்து, “நீலம் சரி வரும். பதின்மூண்டு கிலோ மிச்சம் கிடக்கு. எடு” என்றார். எனக்கு வந்த சந்தோசத்தில் மட்டையைப் பார்க்கவே இல்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தேன். மகள் அன்று காலைதான் தமிழ்ப் பள்ளிக்கூடம் போய் வந்திருந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கிடைத்ததை எல்லாம் வாசிக்கிற வயசு. மட்டையை எடுத்து, விற்பனைப் பொடியனுக்குக் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தாள். அரிசி, சிலிண்டர், சட்டி, அப்பா, அம்மா, மாமி, தான், தம்பி. முடிந்தது. மட்டையைத் திருப்பி மாம்பழப் படத்தையும் பார்த்தாள்.

“மாமா எங்க?”

அத்தான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, வேலையில் லீவு தரவில்லை, தான் பேந்து பஸ்ஸில் வாறன் என்றார். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு கடுதாசியை மேசையில் வைத்தா. “லீவு தந்த கடிதம் இஞ்ச கிடக்கு. என்னட்டைத் தந்தது நீங்கள்தானே” என்றா. என் பேனை அப்படியே நின்றுவிட்டது. அவர் பாரம் எண்பத்தாறு. சேர்த்தால் எழுபத்துமூன்று கிலோ கூடிப்போகும். அரிசியை விடுவம், ஐஸ் பெட்டியை விடுவம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தா. அதெல்லாம் சேர்ந்தும் எழுபத்துமூன்று வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“நீ அந்த நீலத்தைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கலியாணத்தண்டைக்கும் நீ இப்பிடிச் சிரிக்கேல்லை” என்றார். என் மனைவி அதற்கு ஓம் என்று தலையாட்டினா. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: “பாரத்தைப் பொய்யா எழுதேலாது தம்பி. ஆளைக் குறைக்கலாம்.”

இருபது வருசம் காத்திருந்த கடல். அதை எனக்காக ஒரு மட்டையிலிருந்து விட்டுவிட்டார், அதுவும் சத்தமில்லாமல். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வாய் திறக்க முதல் மகள் வெளியே போய்விட்டாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். நீலத்தைத் தாண்டிப் போய், வெள்ளையின் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து ஏறி, முன் சீற்றில் இருந்து எங்களுக்குக் கை காட்டினாள். திரும்பி வந்து, “பிரிட்ஜையே எடுப்பம் அப்பா” என்றாள்.

ஆடி மாதம் பிரிட்ஜில் ஆறு பேர் போனோம். முதல் ஏற்றத்தில் வண்டி தயங்கவே இல்லை. அத்தான் பக்கக் கண்ணாடியில் ட்ரெயிலரைப் பார்த்துப் பார்த்து வந்தார். கடல் தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார், சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். “உப்புத்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் இருவரும் அவர் முதுகில் ஏறினீர்கள்.

பன்னிரண்டு வருசம் ஓடிவிட்டது. குளிர்கால வீதி உப்பில் பிரிட்ஜின் அடிப்பாகம் இற்றுப்போய்விட்டது. போன சனிக்கிழமை மறுபடி இரண்டு பிக்கப் பார்க்கப் போனோம். இம்முறை ஓட்டிப் போனது மகள். ஒரு சிவப்பைக் கண்டதும் எனக்கு அதே பழைய துடிப்பு. அவளோ கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்த பிறகுதான் நிறத்தைப் பார்த்தாள். சிவப்பின் முதுகும் பெலம்தான், அதையே எடுத்தோம், வெள்ளிக்கிழமை கைக்கு வருகிறது. வீட்டுக்கு வந்து மாம்பழப் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, மார்க்கர் எடுத்து, முதல் வரியில் எழுதினாள்: மாமா, எண்பத்தாறு கிலோ.

போன வருச ஒப்பரேஷனுக்குப் பிறகு அத்தான் நன்றாக மெலிந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “பிழை. எழுபத்தொண்டு” என்று மார்க்கருக்குக் கை நீட்டினார். அவள் மார்க்கரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“கஸ்பேயில மீன் சாப்பிட அந்தப் பதினைஞ்சு கிலோவும் திரும்பி வந்திடும் மாமா.”

அவர் மட்டையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். வேலை பார்த்த முப்பது வருசமும் ஒரு கிலோ பிழையைக்கூடத் திருத்தாமல் விடாத மனிதர். பிறகு அதைத் திருத்தாமலே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது டாஷ்போட் பெட்டிக்குள் இரண்டு மட்டை கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை இரண்டையும் சிவப்புக்கு மாற்ற வேண்டும்.