அத்தானும் விதியும்

என் அக்காவின் கணவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயர் 'காரணம்'. மெஷின் நின்றாலும் சரி, யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் சரி, "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னவரைப் பிடித்துக்கொள்வார். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. மேலே கையைக் காட்டிட்டா கீழே யாரையும் கேள்வி கேக்க வேண்டாம் பாரு, அதுக்குத்தான் இத்தனை பக்தியும்" என்பார். இருபத்தெட்டு வருஷமாக அங்கே ஃபிட்டர். அதே இடத்தில் ஸ்டோரில் இருக்கும் நான் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவன். கடவுள் இல்லை என்று சொல்லவும் ஒரு மனிதருக்கு இவ்வளவு பக்தி வேண்டுமா என்று எரிச்சலாக வரும்.

போன வருஷம், வெட்டும் மெஷினில் பிளேடுக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு மூடி அடிக்கடி சிக்கியது. சிக்கினால் வேலை நிற்கும். "புது மூடி வர்ற வரைக்கும் கழட்டிப் போடுங்க, ஒரு வாரம்தான்" என்றார் மேனேஜர். அத்தான் கழற்றினார். புது மூடி வரவில்லை. இரண்டு தடவை கேட்டார், பிறகு அவரும் அசந்துவிட்டார். நாலாவது மாதம், அந்த மெஷினை ஓட்டுகிறவரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவரும் அத்தானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர்கள்.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துப் பிரார்த்தனை நடத்தினார். மூடி வாங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "உங்க மேல தப்பில்லண்ணே, அவர் விதி" என்று ஆளாளுக்கு வந்து அத்தானின் தோளைத் தட்டினார்கள். அந்த ஆறுதல் அவருக்கு ஒட்டவில்லை. பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, இளைத்தே போனார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கட்டிலருகே உட்கார்ந்ததும், "விதியெல்லாம் இல்லப்பா. மூடியைக் கழட்டினது நான்" என்றார்.

"தெரியும்" என்றார் நண்பர். "நாலு மாசமா மூடியில்லாம ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் விதி விதின்னு எல்லார்கிட்டயும் சொல்றே?"

"வேற எப்படிச் சொல்றது? நீதான்னு நெனச்சா உன் மூஞ்சில முழிக்க முடியுமா? எனக்குப் பேச்சுத்துணைக்கு வேற யாரு இருக்கா? அதையும் புடுங்கிடாதே."

அத்தான் நண்பரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "சரிப்பா, விதிதான்" என்றார். என் காதையே நம்ப முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். விபத்தை விசாரிக்க மறுநாள் ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. மூடியைக் கழற்றியது நான், கழற்றச் சொன்னது மேனேஜர், தேதி இன்னது என்று எழுதினார். அதைக் கொடுத்தால் வேலை போய்விடும். அது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். "விதிதான்னு அவர்கிட்ட ஒத்துக்கிட்டீங்களாமே, அப்புறம் இது எதுக்கு?" என்றாள்.

"அது அவனுக்குச் சொன்னது" என்றார் அத்தான், நிமிராமல். "இது நாளைக்கு அந்த மெஷின்ல நிக்கப்போறவனுக்கு."