சட்டைக் காலரில் ஒரு பச்சை விளக்கு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, எங்கள் வார்டு ஆபீஸின் இரண்டாவது மாடி வராந்தாவில் நின்று நான் அழுதேன்.

காரணம்? வயர்லெஸ் கருவிகளுக்கான விதிமுறை.

சிரிக்காதீர்கள். வயர்லெஸ் விதிமுறைக்காகக் கண்ணீர் விட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அது எனக்கே தெரியும். போன மாதம் தொடர்ந்து மூன்று வாரம் இந்தப் பத்தி வராததைப் பார்த்துவிட்டு, கோபர்கைரனேயிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "உடம்பு சரியில்லையா சார்?" உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கைதான் எழுத மறுத்தது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

என் மகள் பெனிட்டாவைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி ஒரு வார்த்தை. பெனி பத்தாம் வகுப்பு. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டரை வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவியை வைத்தார்கள். அதோடு சேர்ந்து வேலை செய்ய, வெளியே காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று. மாட்டினால் உலகம் முழுக்கச் சத்தம். கழற்றினால்… ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டில் அதற்கு டாக்டர் சொன்ன நீளமான பெயரெல்லாம் கிடையாது. "காது" என்போம். "பெனி, காதைச் சார்ஜ்ல போட்டியா?" என்பாள் என் மனைவி செல்வி. "ஃபிரிட்ஜ் மேல என் காது இருக்கும்மா, எடுத்துக் குடு" என்பாள் பெனி. முதல் தடவை வரும் விருந்தாளிகள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்ப்பார்கள்.

காதுக்குத் துணையாகச் சின்ன மைக் ஒன்றும் உண்டு. தீப்பெட்டியில் பாதி இருக்கும். டீச்சர் சட்டையில் குத்திக்கொண்டால் போதும். அவர் பேசுவது வயர் இல்லாமல் நேரே பெனியின் காதுக்குப் போய்விடும். பதினைந்து மீட்டர் வரை கேட்கும். நடுவில் ஒரு சுவர் இருந்தாலும் கேட்கும். இதில் ஒரே தொல்லை — அணைக்க மறந்துவிடுவார்கள். பெனி ஆறாம் வகுப்பு படிக்கும்போது கணக்கு டீச்சர் மைக்கோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றி அன்று அங்கே பேசப்பட்ட அத்தனையும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு பம்பாய் செம்பூரில். ஒரு ஹால், ஒரு கிச்சன். கீழே வெல்டிங் கடை. படிக்கிற பிள்ளைக்கு இது போதாது. பத்து நிமிட நடையில், மெயின் ரோட்டைத் தாண்டினால், முனிசிபாலிட்டியின் சமூகக் கூடம். கீழே கல்யாண ஹால், மேலே ஸ்டடி ரூம். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவர், வாரத்தில் மூன்று மாலை அங்கே வந்து பிள்ளைகளுக்கு இலவசமாக சயின்ஸ் சொல்லித் தருகிறார். மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு பாடம் எடுப்பார். பெனியின் சயின்ஸ் மார்க் ஏறியது. நாங்களும் சந்தோஷமாக இருந்தோம்.

அப்போதுதான் அந்த போர்டு வந்தது.

கீழே ஹாலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா கார்ட்லெஸ் மைக்கில் மணமக்களை வாழ்த்த எழுந்திருக்கிறார். ஸ்பீக்கரில் வந்ததோ, பக்கத்துத் தெருப் பந்தலில் யாரோ மைக் டெஸ்ட் செய்யும் குரல். பெரிய தகராறு. ஏற்கெனவே ஸ்டடி ரூமில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறார்கள் என்று ஒரு புகார். மொட்டை மாடியில் கம்பெனிக்காரர்கள் ஆன்டெனா வைக்கிறார்கள் என்று இன்னொன்று. எல்லாவற்றையும் வார்டு ஆபீஸில் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். "மறு உத்தரவு வரும்வரை வயர்லெஸ் கருவிகளுக்கு அனுமதி இல்லை." சிவப்பு எழுத்து. வாசலில் ஒரு வாட்ச்மேன், ஒரு ட்ரே, டோக்கன்.

அன்றைக்கு சயின்ஸ் வகுப்பு இல்லை. படிக்கப் பெனி போனாள். புது வாட்ச்மேன் அவள் காதைப் பார்த்தார். ப்ளூடூத் என்று நினைத்தார். கழற்றச் சொன்னார்.

"நீ சொல்லியிருக்கலாமே?" என்று பிறகு நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

"பின்னாடி லைன்ல எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்கப்பா. கழட்டிக் குடுத்துட்டேன்."

பதினைந்து வயது. அவ்வளவுதான் பதில்.

இரண்டு மணி நேரம் நிசப்தத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். வெளியே வந்தபோது வாட்ச்மேனைக் காணோம். ட்ரேயில் அவள் காதும் இல்லை. எதிர்ப்பக்கம், பஸ் ஸ்டாப்பில் அவளுக்காக நின்றிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டாள். என்னிடம் சொல்வதற்காக நேரே ரோட்டில் இறங்கினாள்.

தண்ணீர் டேங்கர். ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை.

நான் கத்தினேன். யாருக்குக் கேட்க?

அவளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அந்த டிரைவரின் பெயர் எனக்குத் தெரியாது. முகம்கூட நினைவில்லை. பிரேக்கை மிதித்த அந்தக் கால் நன்றாக இருக்கட்டும்.

டீக்கடையிலிருந்து ஓடிவந்து பெனியின் காதை நீட்டிய வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டேன். பம்பாயில் தெருச் சண்டைக்கு ஹிந்திதான் வசதி. எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்றார். சுத்தமான திருநெல்வேலித் தமிழ். தாராவியிலிருந்து வருகிறவராம். பெயர் முத்தையா. என் ஊர்ப்பக்கம்தான். திட்டின வாய் அப்படியே நின்றது… ஆனால் கை நிற்கவில்லை. அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி வார்டு ஆபீஸுக்குப் புகார் எழுதினேன்.

அதற்குப் பிறகு பெனியை ஸ்டடி ரூமுக்கு அனுப்பவில்லை. முதல் நாள் "வெயில் ஜாஸ்தி" என்றேன். மறுநாள் "மழை வரும்போல இருக்கு." அதற்கு மறுநாள் "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்." அவள் வெல்டிங் சத்தத்துக்கு நடுவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். சில சமயம் காதைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படிப்பாள்.

அந்த நேரத்தில்தான் வார்டு கமிட்டி கூட்டம் என்று தகவல் வந்தது. சமூகக் கூடங்களைப் பற்றியும் வயர்லெஸ் விதியைப் பற்றியும் முடிவெடுக்கப் போகிறார்களாம். நாங்கள் இரண்டு நிமிடம் பேசலாமாம்.

"நீங்க பேசுங்கப்பா" என்றாள் பெனி. மூன்று வாரத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

போனோம். மீட்டிங் ஹாலில் ஃபேன் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். பெனி தன் மைக்கை என் சட்டைக் காலரில் குத்தினாள். "நீங்க பேசுறது எனக்கு ஒழுங்காக் கேக்கணும்ல? ஆன் பண்ணிட்டேன். டென்ஷன் மத் லோ" என்றாள். டென்ஷன் ஆகாதே என்று சொல்லும்போதுதான் எனக்கு டென்ஷன் ஆரம்பிக்கும்.

கார்ட்லெஸ் மைக் விவகாரத்தையே அரை மணி நேரம் பேசினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

அங்கே பெஞ்சில் முத்தையா உட்கார்ந்திருந்தார். என் புகாருக்குப் பதில் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"அண்ணாச்சி, வேலை போனாப் போவுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேப்பீயளா?"

"சொல்லும்."

"மத்தவன் போனெல்லாம் ட்ரேலதான் கெடந்துச்சு. இது சின்னச் சாமான், பொம்பளப் பிள்ள சாமான். தொலைஞ்சிரப் பிடாதேன்னு கைக்குட்டைல பொதிஞ்சி சட்டைப் பையில வச்சிருந்தேன். அத வச்சிக்கிட்டே டீக்குப் போயிட்டேன். நானும் ட்ரேல தூக்கிப் போட்டிருந்தா… பிள்ள எடுத்து மாட்டிட்டுப் போயிருக்கும்லா?"

அவ்வளவுதான். நான் உடைந்துபோனேன்.

மூன்று வாரமாக இந்த மனிதரை எதிரியாக வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தேன். அவர் செய்த குற்றம், என் மகளின் காதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது!

"அண்ணே, எனக்கு உம்ம மேல கோவம் இல்ல" என்றேன். "பயம். கண்ண மூடுனா அந்த டேங்கர்தான் வருது. உள்ள போயிப் பேசத்தான் வந்திருக்கேன். ஆனா உண்மையச் சொல்லட்டா? இந்த விதி மாறப் பிடாதுன்னு ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கேன். மாறலன்னா பிள்ள வீட்டுலயே இருக்கும்லா?"

அவர் ஒரு அடி கிட்டே வந்தார்.

"வீட்டுலயே… எத்தன நாளைக்கு அண்ணாச்சி?"

அழுதுவிட்டேன். கைக்குட்டையைத் தேடினேன். பையில் இல்லை.

"இருங்க. ஒரு டீ சொல்லுதேன்."

"சீனி வேண்டாம்."

சொல்லி ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஹால் கதவு திறந்தது. பியூன் எட்டிப் பார்த்தார். "பீக்கி சாய் பாத் மே, ஸாப். பெஹ்லே அந்தர் சலோ." சர்க்கரை இல்லாத டீயை அப்புறம் குடிக்கலாமாம், முதலில் உள்ளே வரவேண்டுமாம்.

சர்க்கரை இல்லாத டீ என்று இவருக்கு யார் சொன்னது?

குனிந்து பார்த்தேன். என் காலரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே நடந்ததைப் பியூன் பிறகு சொன்னார். எங்கள் முறை வந்திருக்கிறது. நான் இல்லை. பெனி எழுந்து, "அப்பா வெளியே வாட்ச்மேன் காகாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார்" என்று மராட்டியில் சொல்லியிருக்கிறாள். காகா என்றால் சித்தப்பா. கதவோ சாத்தியிருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கமிட்டித் தலைவர் அம்மா கேட்டிருக்கிறார். "கேட்கிறதே." ஒரு மெம்பர் சிரித்துவிட்டு, என்ன பேசுகிறார் சொல்லு பார்ப்போம் என்றாராம்.

"அது எங்கள் வீட்டு விஷயம். சொல்ல மாட்டேன்" என்றாளாம் பெனி. "ஆனால் இப்போது டீ கேட்டிருக்கிறார். சர்க்கரை வேண்டாமாம். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்."

நான் உள்ளே போனபோது என் மகள் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். லைனில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று காதைக் கழற்றிக் கொடுத்த அதே பெண். இப்போது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொபைலைத் தடுங்கள், பாட்டைத் தடுங்கள். இது என் காது. இதை ட்ரேயில் வைக்கச் சொல்லாதீர்கள்." கதவுப் பக்கம் கை காட்டினாள். "வாட்ச்மேன் காகா போர்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தார். கேட்க வேண்டுமென்றால் போர்டை எழுதியவர்களைக் கேளுங்கள்."

போர்டை எழுதிய அதிகாரி தன் ஃபைலுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

தலைவர் அம்மா அங்கேயே எழுதச் சொன்னார். காது கேட்க உதவும் கருவிகளுக்கும், பாடம் எடுப்பவர் மாட்டிக்கொள்ளும் மைக்குக்கும் எந்தச் சமூகக் கூடத்திலும் தடை இல்லை. நானும் எழுந்து, கைகூப்பி, முத்தையா மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டேன். நான் பேசியது அது மட்டும்தான். இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்து விநாடிகூட ஆகவில்லை.

கிளம்பும்போது தலைவர் அம்மா பெனியைக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார். "இந்த மைக் எங்க வீட்டுக்காரருக்குச் சரிவருமா? அவருக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றதுதான் கேக்க மாட்டேங்குது."

படியிறங்கும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"எல்லாம் கேட்டியா?"

"ம்."

"ஜெபம் பண்ணினது…?"

"அதுவும்." ஒரு படியில் நின்றாள். "பரவால்லப்பா. வெயிலு, மழை, ரோடுன்னு தினம் ஒண்ணு சொல்லுவீங்க. எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு. உங்களுக்குப் பயமா இருக்குன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்ல?"

"என்ன சொல்லியிருப்ப?"

"எனக்கும்தான்னு."

அப்பாக்கள் எல்லோரும் இப்படித்தானா, இல்லை நான் மட்டும்தானா? சாதாரண ஒரு வார்த்தை. அதை மனைவியிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. முன்பின் பழகாத ஒரு வாட்ச்மேனிடம் வராந்தாவில் சொல்ல வேண்டியிருந்தது. மைக் ஆனில் இருந்ததால் அது சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மைக்குக்கு நன்றி. அணைக்க மறந்த என் மறதிக்கும்.

மறுநாளிலிருந்து பெனி தனியாகத்தான் ஸ்டடி ரூமுக்குப் போகிறாள். நான் கூடப் போவதில்லை. சரி… சிக்னல் வரை போகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் முத்தையா வந்து நின்று, அவள் தாண்டி முடித்ததும் எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பெனியிடம் "வெயில் ஜாஸ்தி" என்று ஆரம்பிக்கும்போதே என் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போய்விடுகிறது — மைக் இல்லாத நாளிலும்.